உப்புவெளிக் கிணற்றுத் தண்ணீரும் கறுத்துப்போன செப்புத்தூளும்

செப்புத்தூளை அமுக்கிச் சுட்டு எடுத்த முதல் புஷ்ஷைக் கையில் வாங்கி, பெருவிரலால் ஓரத்தைக் கொஞ்சம் அழுத்தினேன். பிஸ்கட் மாதிரி உடைந்தது. உடைந்த இடத்தில் செம்பின் நிறமே இல்லை. செங்கல் நிறமும் கரியும் கலந்த ஒரு மங்கல்தான் இருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு மாத வேலை கிடந்தது.

திருகோணமலை உப்புவெளியில் எனக்கு ஒரு சிறிய லேத் பட்டறை. வலை இழுக்கும் கப்பி, தண்ணீர்ப் பம்ப், வள்ளத்து எஞ்சின் என்று கடலோடு சம்பந்தப்பட்ட வேலைதான் முக்கால்வாசி. கப்பிக்குள் தண்டு சுற்றுவதற்குப் போடுகிற குழல் மாதிரியான புஷ்ஷை இவ்வளவு காலமும் வார்த்த வெண்கலத்தில் கடைந்து கொடுத்து வந்தேன். ஆனால் வள்ளத்தில் போகிறவர்களுக்குக் கிறீஸ் அடிக்க எங்கே நேரம்? நாலைந்து மாதத்தில் தேய்ந்து திரும்பி வரும். எண்ணெய் ஊறிய தூள்வெண்கலப் புஷ் அப்படியில்லை. அது கடற்பஞ்சு மாதிரி உள்ளெல்லாம் நுண்துளை. சுற்றும்போது சூடேறினால் எண்ணெயை வெளியே விடும், ஆறினால் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம், ஆனால் நம்முடைய கப்பிகளின் அளவுக்குக் கிடைப்பதில்லை. சரி, தூளை நானே செய்தால் என்ன என்று தோன்றியது.

செய்முறை கேட்க எளிது. நூற்றுக்குத் தொண்ணூறு செப்புத்தூள், பத்து வெள்ளீயத்தூள். கலந்து அச்சில் அமுக்கி, 820 பாகை செல்சியஸ் அளவில் சுட வேண்டும். வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகிச் செம்புக்குள் ஊறிவிடும். செம்பு உருகாது, அதற்கு 1085 பாகை வேண்டும். தூள்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். மிச்ச இடைவெளிதான் எண்ணெய்க்கு.

தூள் செய்யப் பல வழிகள் உண்டு. உருகிய உலோகத்தை மெல்லிய தாரையாக விழவிட்டு, அதன்மேல் அமுக்கம் கூடிய தண்ணீரை அடித்துச் சிதறடிப்பது ஒன்று. வாயுவை அடித்தும் செய்வார்கள். வாயுவில் துளி ஆறுவதற்குள் உருண்டையாகிவிடும். தண்ணீரில் ஒரு கண நேரத்துக்குள் உறைந்துவிடுவதால் முள்ளும் மடிப்புமாக, நெரிஞ்சி முள் மாதிரி ஒரு வடிவம் வரும். அச்சில் அமுக்கும்போது அந்த முட்கள் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும். எனக்கு அதுதான் தேவை. தண்ணீர் அடிக்கிற பம்பும் கைவசம் இருந்தது: வாகனம் கழுவும் இடம் ஒன்றிலிருந்து கழித்துவிட்ட, மூன்று பிஸ்டன் கொண்ட ஒரு பம்ப், ஐந்தரைக் குதிரைவலு மோட்டரோடு. நிமிடத்துக்கு 30 லீற்றர், 60 பார் அமுக்கம்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 200 லீற்றர் பரல் ஒன்று, அடியில் 40 சென்ரிமீற்றர் தண்ணீர். மூடியின் நடுவில் ஓட்டை. ஓட்டைக்கு மேலே அடியில் 3 மில்லிமீற்றர் துளையிட்ட கிரபைட் மூசை (உருகிய உலோகத்தைத் தாங்கும் கிண்ணம்), மூடிக்குக் கீழே வளையத்தில் நாலு நொசில். உருகிய செம்பை மேல் மூசைக்குள் ஊற்றினால் அது நூல் மாதிரி இறங்கி, நாலு தாரையும் சந்திக்கிற இடத்தில் சிதறித் தண்ணீருக்குள் விழும். 2 கிலோ செம்பு 40 செக்கனில் முடிந்துவிடும்.

இதை யாரும் செய்து பார்ப்பதென்றால் ஒன்றை மறக்க வேண்டாம். தண்ணீர்த் தாரை ஓடத் தொடங்கிய பிறகுதான் உலோகத்தைத் திறக்க வேண்டும். தாரை நின்றால் அந்த நொடியே உலோகத்தை அடைக்க வேண்டும். ஒரு கட்டியாக உருகிய உலோகம் தண்ணீருக்குள் போய்ச் சேர்ந்தால் தண்ணீர் ஒரே அடியாக ஆவியாகி வெடிக்கும். மேல் மூசையில் ஈரம் இருந்தாலும் அதே கதைதான். நான் மூசையைச் செந்தணலாகச் சூடாக்கிவிட்டுத்தான் பம்பைப் போடுவேன். அடைப்பதற்கு ஒரு கிரபைட் கம்பு உள்ளே நிற்கும், அதன் கைப்பிடியை விட்டு என் கை அகலாது. பட்டறையில் என்னோடு நிற்கிற தம்பிக்குப் பம்ப் சுவிட்சைத் தவிர வேறு வேலை கிடையாது.

முதல் ஊற்றல் ஆவணி மாதம், கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்த நேரம். வேலை முடியப் பொழுது பட்டுவிட்டது. தூளைப் பரலிலேயே விட்டுவிட்டு அடுத்த நாள் காலை வாளியில் அள்ளி, கிணற்றுத் தண்ணீரில் அலசி, தகரத்தில் பரப்பி வெயிலில் காயப்போட்டேன். மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. காப்பித்தூள் நிறம். செம்பென்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டு அச்சில் போட்டேன். அந்தப் புஷ்தான் முதல் வரியில் உடைந்தது.

உடைந்த துண்டை வாங்கிப் பார்த்தவர் ஊரில் முன்பு வார்ப்பு வேலை செய்த வயதான கன்னார் ஐயா. “தம்பி, தூள் எல்லாம் சட்டை போட்டுக்கொண்டு நிக்குது. சட்டையோட சட்டை ஒட்டாது” என்றார். ஒவ்வொரு மணியின்மேலும் ஒட்சைட்டுப் படலம். செம்பு செம்பைத் தொடவேயில்லை.

சரி, எவ்வளவு ஒட்சிசன் என்று அளக்க வேண்டும். முறையான ஆய்வுகூடத்தில் தூளை ஐதரசனில் சூடாக்கி எவ்வளவு நிறை குறைகிறது என்று பார்ப்பார்கள், செம்புக்கு 875 பாகையில். ஐதரசன் சிலிண்டரோடு விளையாட எனக்குத் துணிவில்லை. அதற்குப் பதில் இரண்டங்குல இரும்புக் குழாய் ஒரு மீற்றர் எடுத்து, ஒரு பாதியில் சிரட்டைக்கரி அடைத்து அதை மட்டும் 900 பாகைக்குச் சூடாக்கினேன். மீன்தொட்டிக்குப் போடுகிற சின்னப் பம்ப் கரிப் பக்கமாகக் காற்றை மெதுவாகத் தள்ளும். தணலைத் தாண்டும்போது காற்றிலுள்ள ஒட்சிசன் காபனோரொட்சைட்டு (CO) வாயுவாக மாறும். குழாயின் மறுபாதியில் 500 பாகையில் சிறிய தட்டில் தூள். காபனோரொட்சைட்டு செப்பு ஒட்சைட்டிலிருந்து ஒட்சிசனைப் பிடுங்கிக்கொண்டு போகும். குழாயின் கடைசி முனையில் வருகிற வாயுவைக் கொளுத்திவிட வேண்டும். நீலச் சுவாலை நின்று எரியும். காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. கூரைக்குக் கீழே இதைச் செய்யவே கூடாது. நான் கிணற்றடிக்குப் பின்னால், காற்று வருகிற பக்கம் நின்றுதான் செய்கிறேன்.

நகைக்கடைக்காரர் பாவிக்கிற 0.01 கிராம் தராசு. நன்றாக உலர்த்திய தூள் 20.00 கிராம் உள்ளே போனது. வெளியே வந்தது 19.78. நூற்றுக்கு 1.1.

அன்று இரவு அந்த இலக்கத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். முழு வேலையிலும் எனக்கு அதிகம் பயன்பட்டது அந்தக் கணக்குத்தான். 2 கிலோவில் 1.1 வீதம் என்றால் 22 கிராம் ஒட்சிசன். எங்கேயிருந்து வந்தது?

தண்ணீரிலிருந்து என்றுதான் யாரும் முதலில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் செம்பு நீராவியிலிருந்து ஒட்சிசனைப் பிரித்தெடுக்காது, அதற்கு அந்த வலு இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கிற ஒட்சிசனைச் சொன்னால், 30 பாகையில் லீற்றருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான் கரையும். 40 செக்கனில் பம்ப் அடித்தது 20 லீற்றர், அதாவது 0.15 கிராம். அடித்தண்ணீர் நூறு லீற்றரையும் சேர்த்தாலும் ஒரு கிராம் வராது. 22 கிராம் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 2900 லீற்றர் தண்ணீர் தன்னிடமுள்ள ஒட்சிசன் முழுவதையும் கொடுத்திருக்க வேண்டும். கன்னியாவில் இருக்கிற ஏழு வெந்நீர்க் கிணறுகளிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து அடி, சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு என்று ஒரு நண்பர் அக்கறையோடு சொன்னார். சொன்ன விஷயம் உண்மை. ஆனால் கணக்கைப் பார்த்த பிறகு, ஏழு கிணற்றுத் தண்ணீரையும் அள்ளி வந்தாலும் இந்த நோய்க்கு மருந்தாகாது என்று தெரிந்தது.

வளிக்கு வருவோம். ஒரு லீற்றர் வளியில் 0.27 கிராம் ஒட்சிசன். 22 கிராமுக்கு 80 லீற்றர் வளி போதும். பரலில் தண்ணீருக்கு மேலே நூறு லீற்றர் அளவு வெறும் இடம் இருக்கிறது, போதாததற்குத் தாரைகள் வெளிவளியையும் உள்ளே இழுக்கும். ஆள் அகப்பட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

நைதரசன் சிலிண்டர் ஒன்று எடுத்தேன். மூடி விளிம்பைக் களிமண்ணால் பூசினேன். ஊற்றுவதற்கு முன்பு பத்து நிமிடமும், ஊற்றி முடியும்வரையும் நைதரசனை உள்ளே விட்டேன். மிச்சமெல்லாம் பழையபடி. இரவு பரலில் ஊறல், காலையில் அலசல், வெயில். சோதனைக் குழாயில் 20.00 கிராம் 19.81 ஆனது. 0.95 வீதம். ஒரு சிலிண்டர் நைதரசனுக்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான். கணக்கில் பிழையா, வேலையில் பிழையா என்று தெரியாமல் இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

விடை வந்தது என் மகளிடமிருந்து. அவள் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறாள். இரண்டாவது ஊற்றல் அன்று பரல் ஆறுவதற்கு முன்பே பாடசாலையில் காட்டவென்று ஒரு கரண்டி தூள் கேட்டாள். அள்ளிக் கொடுத்தேன். அவள் அதை வடிகட்டிய குடிதண்ணீரில் இரண்டு தரம் கழுவி, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் ஒரு தரம் அலசி, ஐந்து நிமிடத்தில் காயவைத்து, ஜாம் போத்தலில் இறுக மூடி மேசையில் வைத்திருந்தாள். இரண்டு வாரம் கழித்து அந்தப் போத்தலைத் தற்செயலாகப் பார்த்தேன். உள்ளே இருந்தது இளஞ்சிவப்பு. புதிதாகச் சீவிய செப்புக் கம்பியின் நிறம். சாய்த்தால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக மினுங்கியது. பக்கத்தில் என் வாளித்தூளைக் கொண்டுவந்து வைத்தேன். ஒரே உருக்கு, ஒரே தாரை, ஒரே பரல். ஒன்று காப்பித்தூள், மற்றது கல்யாணத்துக்குத் துலக்கிய செம்பு.

அவளிடம் கேட்டு 10.00 கிராம் வாங்கிக் குழாயில் வைத்தேன். 9.96. அதாவது 0.4 வீதம். தூளாகும்போது ஏறியது 0.4தான். மிச்சம் பாதிக்கு மேல் இரவு ஊறும்போதும் வெயிலில் காயும்போதும் ஏறியிருக்கிறது. நான் பரலுக்குள் கள்ளனைத் தேடிக்கொண்டிருக்க, அவன் ஆறுதலாக வாளிக்குள் இருந்து தின்றிருக்கிறான்.

இது ஏன் இவ்வளவு மோசம் என்று விளங்க இன்னொரு கணக்கு. 2 கிலோ செம்பை ஒரு கட்டியாக வார்த்தால் பக்கத்துக்கு 6 சென்ரிமீற்றர் வருகிற பெட்டி, மேற்பரப்பு இரண்டு உள்ளங்கை அகலம். அதையே 0.1 மில்லிமீற்றர் மணிகளாக்கினால் மேற்பரப்பு 13 சதுர மீற்றருக்கு மேல், 12 அடிக்கு 12 அடி அறையின் தரை அளவு. முள்ளும் மடிப்புமான வடிவத்துக்கு அதைவிடக் கூடும். 1950இல் கோணேசர் கோயில் பக்கம் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருவுருவங்கள் வெளியே வந்தன. நூற்றாண்டுக் கணக்கில் கடலோர மண்ணில் கிடந்தும் அவை நின்று பிடித்தன. முழு உலோகத்துக்கு அந்தத் தாங்குசக்தி உண்டு. அதே உலோகத்தைத் தூளாக்கினால் ஒரு இரவு போதும்.

அதிலும் எங்கள் கிணறு உவர். ஊர்ப்பெயரிலேயே உப்பு இருக்கிறது. உவர்நீரிலுள்ள குளோரைட்டு செம்பின்மேல் படிந்தால், காய்ந்த பிறகும் அது சும்மா இராது. முதல் தூளில் மிச்சம் வைத்திருந்த போத்தலை ஒன்பதாம் நாள் திறந்தேன், ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. படிந்த குளோரைட்டு காற்றின் ஈரத்தையும் ஒட்சிசனையும் சேர்த்துக்கொண்டு பச்சை உப்பாகும். அந்த மாற்றத்தில் வெளியாகும் அமிலம் திரும்பவும் புதுச் செம்பைத் தின்னும். அருங்காட்சியகக்காரர் வெண்கல நோய் என்று சொல்வது இதைத்தான்.

ஆகவே முழு வேலையையும் பின்பக்கத்திலிருந்து திருத்தினேன். இப்போது ஊற்றி முடிந்த கையோடு பரலின் அடிவால்வைத் திறந்து, தூளைத் தண்ணீரோடு சீலைவடியில் எடுக்கிறேன். கிணற்றுத் தண்ணீர் தாரைக்கு மட்டும். கழுவுவது ஆர்ஓ தண்ணீரில், மூன்று தரம். மூன்றாம் கழுவல் தண்ணீரில் வெள்ளி நைத்திரேற்று ஒரு சொட்டு விட்டால் பால்போல் கலங்கக் கூடாது. கலங்கினால் நாலாம் தரம். இந்தச் சொட்டுச் சோதனையும் மகள் சொன்னதுதான், பாடசாலைப் பாடத்தில் இருப்பதாம். மூன்று தரம் போதும் என்று நான் நினைத்த இரண்டு முறையும் கலங்கியது.

உலர்த்துவதற்கு வெயிலைக் கைவிட்டேன். பழைய பிரிட்ஜ் கம்பிரசர் ஒன்றின் உறிஞ்சும் பக்கத்தைப் பிரஷர் குக்கரின் மூடியில் பொருத்தினேன், இடையில் சிலிக்கா ஜெல் நிரப்பிய போத்தல். குக்கருக்குள் சீலையோடு ஈரத்தூள், குக்கர் 70 பாகை வெந்நீர்க் கிடாரத்துக்குள். காற்றை இழுத்துவிட்டால் தண்ணீர் அந்தச் சூட்டிலேயே கொதித்துப் போய்விடும். தூளைத் தொடுவதற்கு ஒட்சிசனும் மிச்சமில்லை. இரண்டு மணித்தியாலத்தில் மணல்போல் உதிரும். ஸ்பிரிட்டில் அலசிய தூளை மட்டும் இதற்குள் வைக்க வேண்டாம். அந்த ஆவி கம்பிரசருக்குள் போனால் தீப்பிடிக்கலாம்.

மூன்றாவது ஊற்றல் இந்த முறையில், நைதரசனோடு. குக்கரிலிருந்து எடுத்ததும் 0.35. நாலாவதில் வேண்டுமென்றே நைதரசனை நிறுத்திப் பார்த்தேன், 0.45. என் தராசுக்கு 0.05 வீதம்தான் கடைசி எல்லை, அதனால் அந்த வித்தியாசத்தை நான் பெரிதாக்கவில்லை. நைதரசன் கொஞ்சம் உதவுகிறது, ஆனால் செலவுக்குத் தகுந்த உதவி இல்லை. இப்போது அது இல்லாமலேயே ஊற்றுகிறேன். மிச்சமிருக்கிற படலத்தைச் சோதனைக் குழாயைக் கொஞ்சம் பெரிதாக்கிச் செய்த நாலங்குலக் குழாயிலேயே நீக்கிவிடலாம். 500 பாகையில் ஒரு மணித்தியாலம், பிறகு அந்த வாயு ஓடிக்கொண்டிருக்கும்போதே கைச்சூட்டுக்கு ஆறவிட வேண்டும். சூட்டோடு வெளியே எடுத்தால் கண்முன்னே கறுக்கும். வெளிவரும்போது தூள் இலேசான கட்டியாக இருக்கும். உரலில் மெதுவாகத் தட்டி 100 கண் அரிதட்டில் சலித்துக்கொள்கிறேன். பெரிய தொழிற்சாலைகளிலும் கடைசிப் படி இதேதான், அவர்கள் ஐதரசனில் அல்லது அமோனியாவைப் பிரித்த வாயுவில் செய்கிறார்கள்.

வெள்ளீயத்தூளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதே பரல், சின்னத் துளை. குறைந்த சூட்டில் உருகுவதால் சிரமமில்லை. ஆனால் என் 500 பாகைக் குழாயில் வைத்தால் தூளே உருகிவிடும், ஒட்சைட்டைப் பிறகு நீக்க முடியாது, அதனால் முதலிலேயே சுத்தமாக எடுத்துவிட வேண்டும்.

இந்தத் தூளில் அமுக்கிய புஷ்கள் உடையவில்லை. வெளி விட்டம் 25, உள் விட்டம் 18, நீளம் 25 மில்லிமீற்றர். 6 தொன் அமுக்கம். கரித்தூள் நிரப்பிய இரும்புப் பெட்டிக்குள் வைத்துச் சுட்டேன். ஐந்தில் மூன்று அருமையாக வந்தன. இரண்டில் கொப்புளம். அம்மை போட்டதுபோல் மேற்பரப்பு வீங்கி, ஒன்றில் நீளத்துக்கு வெடிப்பு.

தராசு இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. குழாயிலிருந்து வந்த தூளைத் திரும்பக் குழாயில் வைத்தால் நிறை குறையவேயில்லை. அப்படியென்றால் மேலே ஒட்சைட்டு இல்லை. உள்ளே?

மேல் மூசையின் அடியில் உறைந்து ஒட்டிக் கிடந்த செம்பில் ஒரு துண்டு வெட்டி, 2000 நம்பர் தாள்வரை தேய்த்து, பிராசோ போட்டுக் கண்ணாடியாக மினுக்கி, கம்பியூட்டரில் செருகுகிற மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இளஞ்சிவப்புப் பரப்பில் சாம்பல் கலந்த நீலத்தில் புள்ளிகள். தாறுமாறாக இல்லை. வேலி போட்டதுபோல், கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல், மணி மணியாகச் செம்பைச் சுற்றி வரிசை கட்டி நின்றன. கோணத்தைச் சரித்துப் பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்தேன். அதே புள்ளிகள் சில மாணிக்கச் சிவப்பாகச் சுடர்ந்தன. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. செப்பின் சிவப்பு ஒட்சைட்டு அது. உருகிய செம்பு ஒட்சிசனைத் தாராளமாகக் கரைத்து வைத்திருக்கும். உறையும்போது வைத்திருக்க இடமில்லாமல் உள்ளேயுள்ள பளிங்கு மணிகளின் எல்லையில் கக்கிவிடும்.

கொப்புளத்துக்குக் காரணமும் இதுதான். சுடுகிற பெட்டிக்குப் போட்ட கரித்தூள் மழைக்கு நனைந்த சாக்கிலிருந்து வந்தது. ஈரக்கரி சூடேறினால் ஐதரசன் வரும். ஐதரசன் செம்புக்குள் சுலபமாக நுழைந்து போகும். உள்ளே அந்த நீலப் புள்ளியைக் கண்டால் சேர்ந்து நீராவியாகும். நீராவியால் வந்த வழியே திரும்பிப் போக முடியாது. வீங்கிக் கிழிக்கும். காபனோரொட்சைட்டால் செம்புக்குள் நுழைய முடியாது என்பதால்தான் என் சோதனைக் குழாய் இந்த உள் ஒட்சைட்டைக் காணவேயில்லை.

கரியை வறுத்து உலர்த்துவது ஒரு பாதி. மற்றப் பாதி உருக்கில். அதுவரை பழைய வயர்ச் செம்பைத் திறந்த மூசையில் உருக்கி, சுவாலை மேலே படப் படக் காத்திருந்தேன். இப்போது தணலாக்கிய சிரட்டைக்கரித் துண்டுகளால் மேற்பரப்பை மூடுகிறேன். கன்னார் ஐயா பச்சைக் கம்பால் கிண்டச் சொன்னார். பழைய காலத்தில் செம்பு சுத்திகரித்தவர்கள் செய்தது அது, பச்சை மரத்திலிருந்து எழும்பும் வாயு ஒட்சிசனை இழுத்துக்கொள்ளும். எனக்கு அந்தத் தெறிப்பு பயமாக இருந்ததால் விட்டுவிட்டேன். பதிலாக, ஊற்றுவதற்குச் சற்று முன்பு பிரிட்ஜ் திருத்துபவர்கள் செப்புக் குழாய் ஒட்டுகிற கம்பியை 12 கிராம் போட்டுக் கிண்டுகிறேன். வெள்ளி சேராத கம்பி. அதில் நூற்றுக்கு ஏழு அளவில் பொசுபரசு இருக்கிறது, அது ஒட்சிசனைத் தன்னோடு கட்டிக்கொண்டு கசடாக மேலே வந்துவிடும். அடுத்த ஊற்றலில் ஒட்டிக் கிடந்த செம்பை மினுக்கிப் பார்த்தபோது நீலப் புள்ளி தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நல்லதுதானே என்று ஒரு தடவை 24 கிராம் போட்டேன். தூள் உருண்டையாக வந்தது. அச்சிலிருந்து எடுக்கும்போதே புஷ்ஷின் ஓரம் உதிர்ந்தது. முள் இல்லாவிட்டால் பிடிப்பு இல்லை. 12 கிராமோடு நிறுத்திக்கொண்டேன்.

இரும்பையும் இதே பரலில் அடித்துப் பார்க்கச் சொல்லிப் பழைய இரும்புக்கடைக்காரர் ஒருவர் கேட்டார். செய்யவில்லை, காரணத்தை அவருக்கும் சொன்னேன். செம்பில் தண்ணீர் குற்றவாளி இல்லை, இரும்பில் தண்ணீரேதான் குற்றவாளி. செந்தணலான இரும்பு நீராவியைப் பிய்த்து ஒட்சிசனை எடுத்துக்கொண்டு ஐதரசனை விட்டுவிடும். மூடிய பரலுக்குள் ஐதரசன் சேர்ந்தால் ஒரு பொறி போதும். நைதரசன் நிரப்பினாலும் தூளில் ஒட்சைட்டு ஏறத்தான் செய்யும். அதனால்தான் தண்ணீரில் அடித்த இரும்புத்தூளை ஆலைகளில் கட்டாயம் ஐதரசனில் நீண்ட நேரம் சூடாக்கி எடுக்கிறார்கள். துருப்பிடிக்காத உருக்கென்றால் இன்னும் கஷ்டம். அதிலுள்ள குரோமியமும் சிலிக்கனும் பிடித்த ஒட்சிசனை இலகுவில் விடாது. மிக உலர்ந்த ஐதரசனும் மிகக் கூடிய சூடும் வேண்டும். புல்மோட்டைக் கறுப்பு மணலில் இருக்கிற தைத்தேனியமோ ஒட்சிசனைத் தனக்குள்ளேயே கரைத்துக்கொள்ளும், ஐதரசனால் அதைத் திரும்ப எடுக்கவே முடியாது. அந்த உலோகத்தின் பக்கம் தண்ணீரைக் கொண்டுபோகக் கூடாது. அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் இந்தப் பரலில் நான் நினைத்தும் பார்க்க மாட்டேன்.

தூளை வைத்திருப்பதும் ஒரு வேலை. மார்கழியில் வாடைக்காற்று வீசும்போது பட்டறையில் சாவி, சுத்தியல் எல்லாம் ஈரம் பூத்து நிற்கும். அந்த நாட்களில் போத்தலைத் திறந்தால் தேவையான அளவை எடுத்து உடனே மூடிவிட வேண்டும். சிறு சிறு போத்தல்களில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மூடிக்கு மெழுகு பூசி வைக்கிறேன். ஒரு புஷ்தொகுதிக்கு ஒரு போத்தல். திறந்த போத்தலில் மிச்சம் வைப்பதில்லை.

கடைசியாகச் செய்த பத்தில் பத்தும் வந்தன. ஒன்று 37.6 கிராம். சூடான எண்ணெயில் போட்டுக் காற்றை இழுத்து ஊறவைத்த பிறகு 38.7. கனவளவில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். இரண்டைக் கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு வள்ளக்காரரின் வலைக்கப்பியில் போட்டுக் கொடுத்தேன். பட்டறை வாசலில் வெயிலில் வைத்திருந்த கப்பியை எடுக்கப் போனவர் திரும்பி வந்தார்.

“தம்பி, புஷ் எண்ணெய் கக்குதே. பழுதாப் போச்சா?”

போய்ப் பார்த்தேன். வெயில் பட்ட பக்கம் முழுக்க ஊசிமுனை அளவில் எண்ணெய்த் துளிகள் வியர்வை மாதிரி பூத்திருந்தன. கப்பியைத் தூக்கி நிழலில் வைத்தேன். ரெண்டு பேரும் பிளேன்ரீ குடித்து முடிவதற்குள் துளிகள் ஒவ்வொன்றாக உள்ளே போய்விட்டன.

“இல்லை நானா, இப்பிடித்தான் இருக்க வேணும்.”

அவர் விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, நங்கூரக் கப்பிக்கு 32 மில்லிமீற்றரில் நாலு வேண்டும் என்றார். அந்த அளவுக்கு அச்சு இன்னும் கடையவில்லை.